பென்சிலில் எழுதிய வயது

என் மாப்பிள்ளை சென்னையில் ஒரு கம்பெனியில் ஆட்களை வேலைக்கு எடுக்கிற பிரிவில் இருக்கிறார். போன பொங்கலுக்கு வந்தவர், போனில் அரை மணி நேரம் பேசி முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பெருமூச்சு விட்டார்.

"ஆபீஸ்ல அட்ரிஷன் ரொம்ப ஜாஸ்தி ஆயிருச்சு மாமா."

"எல்லாரும் பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலை பாக்குறாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் இல்ல மாமா. ஆளுங்க விட்டுட்டுப் போயிக்கிட்டே இருக்காங்க. அதுக்கு அப்படிப் பேரு."

எனக்கு அந்தச் சொல் வேறு வகையில் பழக்கம். என் சர்வீஸ் முழுக்க அதை ஒரு பாரத்தில் எழுதிக்கொண்டிருந்தேன். சரியாக எழுதியதும் உண்டு, தப்பாக எழுதியதும் உண்டு. மாப்பிள்ளைக்கு அன்றைக்கு இதைச் சொல்ல நேரமில்லை, மறுபடி போன் வந்துவிட்டது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஓர் அரசு மருத்துவமனையின் பல் பிரிவில் வேலை பார்த்தவன். எந்த ஊர் என்பது வேண்டாம். நான் சேர்ந்த காலத்தில் என் பதவிக்கு டென்டல் மெக்கானிக் என்று பெயர். பல்செட் செய்கிறவன் என்று அர்த்தம். பெண் பார்க்கப் போன வீட்டில், "மாப்பிள்ளை மெக்கானிக்காம்" என்று கேள்விப்பட்டு என் மாமனார் ஓடாத டிவிஎஸ் ஃபிப்டியை வாசலில் நிறுத்தி வைத்திருந்தார். விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சம் வருத்தப்பட்டார். பிறகு அரசு வேலை என்று தெரிந்து தேறிவிட்டார்.

படிப்பு இரண்டு வருடம். மெழுகு, பிளாஸ்டர், அக்ரிலிக். அந்த இரண்டு வருடமும் நான் பார்த்த பற்களில் பாதிக்கு மேல் டப்பாவில் இருந்தவை. வாய்க்குள் இருக்கும் பல்லைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தவர் டாக்டர் வைரவன்.

அவர் திருமயம் பக்கத்துச் செட்டியார் வீட்டுப் பிள்ளை. அண்ணன் தம்பிகள் எல்லாரும் தொழில், வியாபாரம் என்று வெளியூர் போய்விட, இவர் மட்டும் பல் பிடுங்கத் தங்கிவிட்டார். "எங்க வீட்டுல எல்லாரும் மொதல் போடுறவங்க. நான் ஒருத்தன்தான் எடுக்கிறவன்" என்பார். சிரிக்க மாட்டார். நாம் சிரித்தாலும் பிடிக்காது.

நோயாளியிடம் அவர் ஒருநாளும் "வாயைத் திற" என்று சொன்னதில்லை. நாற்காலியில் சாய்ந்ததும், "உங்க ஊர்ல மழை உண்டா?" என்று கேட்பார். எங்கள் மாவட்டத்துக்காரனிடம் மழையைப் பற்றிக் கேட்டால் வாயைத் திறந்தவன் மூட மாட்டான். அதற்குள் கண்ணாடி உள்ளே போய்விடும். கண்மாய் நிரம்பாத கதையை அவன் 'ஆ ஆ' என்று சொல்லி முடிப்பதற்குள் இவர் பல்லை எண்ணி முடித்திருப்பார்.

அவரிடம் தடிமனான ஓர் ஆங்கில அகராதி இருந்தது. பாரத்தில் எந்தச் சொல்லை எழுதுவதற்கு முன்னும் அது எங்கேயிருந்து வந்தது என்று எனக்குச் சொல்லிவிடுவார். நான் கேட்டதில்லை. "அர்த்தம் தெரியாம எழுதினா அது கைநாட்டுத்தான்யா" என்பது அவர் கட்சி.

அட்ரிஷனுக்கும் அப்படித்தான் சொன்னார். லத்தீனில் தேய்ப்பது என்று ஒரு வினை. அதன் முன்னால் 'எதிரே' என்று ஒரு துண்டு. ஒன்றோடு ஒன்று உரசித் தேய்வது. பல்லில் சொன்னால், மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மென்று மென்று ஒன்றையொன்று தேய்ப்பது. "ஆனா இங்கிலீஷ்காரன் இதை மொதல்ல பல்லுக்குச் சொல்லல. சர்ச்சுலதான் சொன்னான்" என்றார். பாவம் செய்தவனுக்கு வருகிற வருத்தம் இரண்டு வகையாம். செய்த தப்பை நினைத்தே மனசு பொடிப்பொடியாக ஆவது ஒன்று, அதற்குக் கன்ட்ரிஷன் என்று பெயர். தண்டனை கிடைக்குமே என்ற பயத்தில் வருகிற வருத்தம் கொஞ்சம் மட்டம், அதற்குத்தான் அட்ரிஷன். இரண்டும் அதே தேய்க்கிற வினையிலிருந்து பிறந்தவை. பல்லுக்கும் இரும்புக்கும் எல்லாம் அப்புறம்தான் வந்ததாம்.

"இது நமக்கு எதுக்கு சார்?" என்று கேட்டேன்.

"நமக்கு எதுக்கும் இல்லய்யா. அடுத்த ஆளைக் கூப்பிடு."

இந்தச் சொல் எங்களுக்கு எங்கே வேண்டியிருந்தது என்றால், வயதுச் சான்றில். பிறப்புச் சான்றும் பள்ளிச் சான்றும் இல்லாதவர்களின் வயதைச் சொல்ல ஒரு மருத்துவக் குழு உண்டு. இளவட்டங்களுக்கு எலும்பு எக்ஸ்ரே உதவும். நடுவயதைத் தாண்டிவிட்டால் எங்களிடம் அனுப்புவார்கள். பல் எத்தனை, ஈறு எவ்வளவு இறங்கியிருக்கிறது, தேய்மானம் எத்தனையாவது படி என்று எழுத வேண்டும். மேல் எனாமல் மட்டும் தேய்ந்திருந்தால் ஒன்று. உள்ளேயிருக்கும் மஞ்சள் புள்ளியாகத் தெரிந்தால் இரண்டு. மஞ்சள் பரவிப் பல் தட்டையாகிவிட்டால் மூன்று. அதற்கும் மேலே நான்கு. மூன்று என்றால் அறுபதை ஒட்டி என்று வைத்துக்கொள்வது எங்கள் வழக்கம்.

வருகிறவர்கள் இரண்டு சாதி. முதியோர் பென்ஷன் கேட்பவர் அறுபது ஆகவில்லையே என்று அழுவார். வேலையில் இருப்பவர் அறுபது ஆகிவிட்டதே என்று அழுவார். இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். கந்தர்வகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவரைக் கம்பு ஊன்றி, இரண்டு பக்கமும் பேரன்கள் தாங்கிக் கூட்டி வந்தார்கள். வாயைத் திறந்தால் முப்பத்திரண்டும் முத்து முத்தாக இருக்கிறது. கூழைத் தவிர வேறு எதையும் மென்றதில்லையாம். டாக்டர் வெகுநேரம் யோசித்து, "பற்கள் திருப்திகரம். ஆள் வயதானவர்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பென்ஷன் கிடைத்தது.

பெஞ்ச் நிறைந்துவிடும் நாட்களில் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். பெயர் கூப்பிடும்போதே, "ஈன்னு காட்டுங்க" என்று சொல்லி, பல்லைப் பார்த்து, பாரத்தில் பென்சிலில் படியைப் போட்டுவிடுவேன். டாக்டர் பார்த்துவிட்டு அதன்மேல் பேனாவில் எழுதுவார். முதல் வருடங்களில் அடிக்கடி அழித்தார். போகப் போக அழிப்பது குறைந்தது. என் பென்சிலுக்கு அப்படி ஒரு மதிப்பு வந்துவிட்டது. அதில் எனக்குப் பெருமைதான், மறைக்கவில்லை.

இப்போது அஞ்சலையைச் சொல்ல வேண்டும்.

நார்த்தாமலைப் பக்கம் ஒரு கிராமத்துப் பள்ளியில் அவர் சமையல் உதவியாளர். யாரோ மொட்டைக் கடிதாசி போட்டிருந்தார்கள். அஞ்சலைக்கு அறுபது தாண்டிவிட்டது, வயதைக் குறைத்துச் சொல்லி வேலையில் உட்கார்ந்திருக்கிறார் என்று. அந்த வேலை வேறு யாருக்கோ வேண்டியிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க மருத்துவக் குழு தேவையில்லை. ஆனாலும் குழுவுக்குத்தான் அனுப்பினார்கள்.

பெஞ்சில் உட்கார்ந்த நிமிடத்திலிருந்து அவர் பேசிக்கொண்டே இருந்தார்.

"சார், எனக்கு அம்பதே ஆகலைங்க. எம் மக திருச்சியில நர்சிங் படிக்கிறா. இன்னும் மூணு வருசம் இருக்கு. இந்த வேலைய எடுத்துட்டா அவ பெட்டியத் தூக்கிட்டு வீட்டுக்கு வந்துற வேண்டியதுதான். பாத்து எழுதுங்க சார்."

"பல்லு என்ன சொல்லுதோ அதைத்தான் எழுத முடியும். ஈன்னு காட்டுங்க."

காட்டினார். முன்பற்கள் மேலும் கீழும் பாதிக்குப் பாதி தேய்ந்திருந்தன. மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. அட்ரிஷன், மூன்று என்று பென்சிலில் போட்டு உள்ளே அனுப்பினேன்.

"உங்க ஊர்ல மழை உண்டா?" என்றார் டாக்டர்.

"எங்கிட்டு சார் மழை" என்று அஞ்சலை தொடங்கினார். கண்ணாடி உள்ளே போனது. வழக்கமாகப் பத்து எண்ணுவதற்குள் வெளியே வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. டாக்டர் எழுந்து மறுபக்கம் போய்க் குனிந்து பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"கடவாப் பல்லைப் பாரு."

பார்த்தேன். மேடும் பள்ளமும் அப்படியே இருந்தன.

"மெல்லுறது எந்தப் பல்லுய்யா?"

"கடவாப் பல்லு சார்."

"அது புதுசா நிக்குது. முன்னாடி மட்டும் பாதி காணோம். வயசு முன்னாடி மட்டும் வருமா?"

பாரத்தில் இருந்த என் மூன்றைப் பார்த்தேன். 'ஈ' என்று சொன்னால் முன்பல்தான் தெரியும். இத்தனை வருடமாக அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் கண்ணாடியின் பின்பக்கத்தால் பல்லில் மெதுவாகத் தட்டினார். "பல்லு வெளக்குறது எதுல? செங்கப்பொடியா?"

"இல்லங்க, வேப்பங்குச்சி."

"பல்லால எதையாச்சும் கடிச்சு உடைக்கிற பழக்கம் உண்டா? முந்திரி, கிந்திரி?"

"முந்திரியப் போயி யாராச்சும் பல்லால ஒடைப்பாகளா சார்? கொட்டையில இருக்குற எண்ணெய் பட்டா வாயி வெந்துரும்ல."

"இந்த வேலைக்கு முன்னாடி என்ன வேலை?"

"சல்லி ஒடைச்சேன். எட்டு வயசுலேருந்து. கலியாணம் கட்டி, புள்ள பெத்து, இந்த வேல கெடைக்கிற வரைக்கும் கல்லுதான்."

"எப்படி உடைப்பீங்க? உக்காந்து காட்டுங்க."

அஞ்சலை என்னைப் பார்த்தார். எனக்கும் புரியவில்லை. நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்தார். ஒரு காலை மடக்கி, ஒரு காலை நீட்டி, இடது கையில் இல்லாத கல்லைப் பிடித்துக்கொண்டார். வலது கையை ஓங்குவதற்கு முன்னால், முந்தானையை இழுத்து மூக்கை மூடி, அதன் ஓரத்தைப் பல்லில் கவ்விக்கொண்டார். கவ்வியதை அவர் கவனிக்கவேயில்லை. அப்புறம் கையை ஓங்கி ஓங்கி அடித்துக் காட்டினார்.

டாக்டர் தரையில் அவர் எதிரே உட்கார்ந்தார். அரசு மருத்துவமனையில் ஒரு பெரிய டாக்டர் தரையில் உட்கார்ந்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"துணியை எடுக்காதீங்க. அப்படியே இருங்க" என்றவர் உதட்டை விரலால் ஒதுக்கினார். சேலை ஓரத்தின் மடிப்பு, மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தேய்ந்து விட்டிருந்த இடைவெளியில் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

"கல்லுத்தூசி மூக்குல ஏறாம இருக்கத் துணி. துணி முழுக்கக் கல்லுத்தூசி. அதை நாள் முழுக்கக் கடிச்சுக்கிட்டு ஒவ்வொரு அடிக்கும் பல்லை நெரிச்சா என்னாகும்?" என்று என்னிடம் கேட்டார். "உப்புத்தாளை வச்சு இழைச்ச மாதிரிதான். இது அட்ரிஷன் இல்ல. அப்ரேஷன்னு வேற ஒண்ணு. சுரண்டி எடுக்கிறது. ரேசர்னு சொல்றோமே, அதுவும் அந்தக் குடும்பம்தான். வயசுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

என் பென்சில் எழுத்தை அவரே அழித்தார். பேனாவில் எழுதினார். வயது நாற்பத்தைந்துக்கும் ஐம்பதுக்கும் இடையில், முன்பல் தேய்மானம் தொழிலால் வந்தது. குழுவின் மற்ற இரண்டு டாக்டர்களையும் வரவழைத்து, அஞ்சலையை இன்னொரு தடவை கல் உடைக்கச் சொல்லிக் காட்டினார். அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

வேலை தப்பியது என்று சொன்னதும் அஞ்சலை கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, வாசல் வரைக்கும் போனார். அங்கிருந்து திரும்பி வந்தார்.

"சார், அப்ப எங்க அக்காளுக்கு?"

"எந்த அக்கா?"

"பழனியம்மா. பக்கத்தூரு பள்ளிக்கூடத்துல ஆயாவா இருந்துச்சு. போன வருசம் இதே பெஞ்சிலதான் உக்கார வச்சீக. அறுபதுன்னு எழுதி அனுப்பிட்டீக. அது எனக்கு ரெண்டு வருசந்தான் சார் மூப்பு. நானும் அதுவும் ஒரே எடத்துல ஒக்காந்து கல்லு ஒடைச்சவுக. அதுக்கும் இதே பல்லுதானே?"

அவர் போன பிறகு டாக்டர் பீரோவைத் திறந்து பழைய பாரத்தை எடுத்தார். அட்ரிஷன், மூன்று. வயது அறுபது முதல் அறுபத்தைந்து. என் பென்சில் கோட்டின்மேல் அவர் பேனா. அந்தப் பாரம் எழுதிய அன்றைக்கு வேறொருவருக்குக் கடவாப்பல் பிடுங்கிய இடத்தில் ரத்தம் நிற்காததால், டாக்டர் பழனியம்மாளின் வாயைப் பார்க்காமலே வலது கையை மட்டும் நீட்டிக் கையெழுத்துப் போட்டது எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் இருந்திருக்கும்.

"நான்தான் சார் போட்டேன்" என்றேன்.

"கையெழுத்து என்னோடதுய்யா. ரெண்டு பேரும்தான்" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது பயம். விசாரணை வருமா, மெமோ வருமா, இன்கிரிமென்ட் நிற்குமா என்றுதான் ராத்திரி முழுக்க ஓடியது. அந்த அம்மாவின் நினைப்பு விடியற்காலையில்தான் வந்தது. டாக்டர் சொன்ன அந்த மட்டமான வருத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். அகராதி தேவைப்படவில்லை.

பழனியம்மாளுக்கு ஆள் அனுப்பி வரச் சொன்னோம். வந்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்த முகம். அந்த வருடம் எங்கள் பிரிவில் நான் செய்த பல்செட்டுகளிலேயே நன்றாக அமைந்தது அவருடையதுதான். மற்றவர்களுக்கு மாதிரி காட்டியிருக்கிறேன். வேலை போன சில மாதத்தில் பல் கூசுகிறது என்று ஓர் இலவச முகாமில் போய் உட்கார்ந்திருக்கிறார். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டு, செட்டுக்கு எங்களிடம் அனுப்பினார்கள். வெறும் ஈறுக்கு அச்சு எடுத்தவன் நான். பாரத்தில் இருந்த பழனியம்மாளும் இந்தப் பழனியம்மாளும் ஒருவர் என்று எனக்கு அன்றைக்கு உறைக்கவில்லை.

"உங்க ஊர்ல மழை உண்டா?" என்றார் டாக்டர். 

பழனியம்மாள் வாயைத் திறந்தார். என் பல்செட் வெள்ளையாகச் சிரித்தது. டாக்டர் அதைக் கழற்றிப் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுத்தார். பார்க்க உள்ளே எதுவும் இல்லை.

ஆனாலும் எழுதினார். முதல் பரிசோதனை தவறு, தவறுக்கு நானே பொறுப்பு என்று இரண்டு பக்கம். என் பெயரைப் போடவில்லை. ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. பற்கள் இல்லாத நிலையில் முந்தைய முடிவை மாற்ற ஆதாரம் இல்லை, பணியிடமும் நிரப்பப்பட்டுவிட்டது, எனவே பரிசீலிக்க இயலாது. டாக்டருக்கு ஒரு மெமோவும் தனியாக வந்தது. அதைப் படித்துவிட்டு, "சரியாத்தான் எழுதியிருக்கான்" என்று பைலில் வைத்தார். அன்றிலிருந்து எங்கள் அறையில் பென்சில் கிடையாது.

பதிலை எடுத்துக்கொண்டு நான் பழனியம்மாளின் வீட்டுக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. வாசலில் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, அந்த அறுபதை எழுதினது டாக்டர் இல்ல, நான்தான்" என்றேன்.

அருவாமனையை நகர்த்தி வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஒனக்கு என்ன வயசு?"

"அம்பது ஆகப்போகுது."

"எனக்கும் அதான். நீ என்னைய ஆத்தாங்குற. ஏன்? வாயப் பாத்து வயசு எழுதுற மகராசன், அந்த வாயிகிட்ட ஒரு வார்த்த கேட்டியா? எட்டு வயசுல கல்லுல உக்காந்தேன், பல்லு போச்சு. பல்லு போச்சுன்னு நீ வேலையப் புடுங்குன. அப்பறம் பல்லையும் புடுங்குனீக. இன்னும் என்னத்தப் புடுங்க வந்த?"

நான் தலை குனிந்தேன். அழுதேன். அதைப் பார்த்து அவருக்குக் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. புளியைக் கூடையில் அள்ளிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். நான் பஸ் ஸ்டாப்புக்குப் பாதி தூரம் வந்ததும் பின்னாலிருந்து சத்தம் கேட்டது.

"ஏய், இங்கிட்டு வா. கீழ்செட்டு எடது பக்கம் உறுத்துது. வந்தா ராவிக் குடுப்பியா, மாட்டியா?"

"குடுப்பேன்" என்றேன்.

"வாரேன்" என்றார்.

வருடத்துக்கு ஒரு தடவை வந்தார். உறுத்தும் இடத்தை ராவிக் கொடுப்பேன். பேச மாட்டார். முடிந்ததும் கண்ணாடியில் பார்த்துவிட்டு எழுந்து போய்விடுவார். டாக்டர் ஓய்வு பெற்றுக் காரைக்குடிப் பக்கம் போனார். போகும்போது அகராதியை என்னிடம் கொடுத்தார். அஞ்சலையின் மகள் நர்ஸ் ஆகி, கொஞ்ச காலம் எங்கள் மருத்துவமனையிலேயே பிரசவ வார்டில் இருந்தாள். எதிரில் பார்த்தால் வணக்கம் சொல்வாள். நான் சொல்லி முடிப்பதற்குள் போய்விடுவாள்.

என் சர்வீஸின் கடைசி மாதம் பழனியம்மாள் வந்தார். செட்டைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். கடவாப் பற்களில் நான் செதுக்கிய மேடுகள் ஒன்றும் இல்லை. மேலும் கீழும் மழமழவென்று தட்டை.

"இது எதுனால தேஞ்சுச்சாம்?" என்று கேட்டார். பத்து வருடத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி.

"மென்னுதான். மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒண்ணோட ஒண்ணு உரசி."

"அப்ப இது வயசுதானே?"

"இது வயசுதான்."

புதுச் செட்டுக்கு அட்டை போட வேண்டும். பெயர், ஊர் எழுதினேன். காரணம் என்ற இடத்தில் அட்ரிஷன் என்று எழுதினேன். வயது என்ற இடத்துக்கு வந்ததும் கை நின்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன்.

"எத்தனைன்னு போட? நீங்க சொல்லுங்க."

அவர் சுவரில் என் ஓய்வு விழாவுக்குப் பிரிவுப் பையன்கள் ஒட்டியிருந்த நோட்டீசைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாலை போட்ட மாதிரி என் போட்டோ அதில் இருந்தது.

"ஒனக்கு என்னைக்கு?"

"இந்த மாசக் கடைசியோட அறுபது முடியுது."

"எனக்கும் அதேதான்" என்றார். "இப்பப் போட்டுக்க, அறுபதுன்னு."

பேனாவில் எழுதினேன்.